லோகத்தின் உதவி இல்லாமல்

மனைவி உதவி செய்யக் கூடாது என்று சட்டம் போட்டு நடத்துகிற போட்டி ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு ஐஸ் பேக்டரிக்குள்ளேயே எனக்கு வேர்த்தது.

அங்கேதான் எனக்கு ராத்திரி வேலை. கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று காதால் கேட்கவேண்டும். தண்ணீர் ஐஸாகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். தண்ணீர் தானாகத்தான் ஐஸாகும். நான் முறைத்துப் பார்ப்பதால் அது பயந்து சீக்கிரம் உறைந்துவிடாது. இப்படிப்பட்ட உத்தியோகத்தில் இருக்கும் மனிதன் தூங்கலாம், அல்லது யோசிக்கலாம். முதலாளி கேமரா வைத்த பிறகு நான் யோசிக்க ஆரம்பித்தேன். செல்போனிலேயே இங்கிலீஷ் படித்தேன். செஸ் படித்தேன். கடல் எப்படி உண்டானது என்று படித்தேன். விடிந்ததும் இதையெல்லாம் யாரிடமாவது சொல்லலாம் என்று திருக்கழுக்குன்றத்துக்கு வந்து இறங்கினால், ஊரே குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் குட்மார்னிங் சொல்லும் நேரத்தில் குட்நைட் சொல்கிறவனிடம் யார் நின்று பேசுவார்கள்?

பேசுவதற்கு ஒருத்தி இருந்தாள். என் மனைவி லோகநாயகி. நான் லோகம் என்று கூப்பிடுவேன். என் உலகமே அவள்தான் என்று இதற்குப் பொருள் சொல்லிக்கொள்ளலாம். உலகம் என்றால் காலடியில் இருக்கும் என்று நினைத்துக் கல்யாணம் செய்துகொண்டவன் நான். தலைக்கு மேலே இருக்கிறது.

சண்டை ஒரு மெஸ்ஸில் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ரெஜினா கல்பாக்கத்தில் மதியச் சாப்பாட்டு மெஸ் திறந்திருந்தாள்.

"யோவ், ஆபீசருங்க வூட்டுக்கெல்லாம் சோறு போவுது. கொழம்பு வைக்க நாந்தான் வரணும்னு ரெஜினா ஒத்தக் கால்ல நிக்கிறா" என்றாள் லோகம்.

"நான் பகல்ல தூங்குறவன். எழுந்தா எனக்கு யாரு சோறு போடறது?"

"சட்டியில சோறு கீது. சட்டியாண்ட கரண்டி கீது. உனுக்கு கையி கீது."

"ராத்திரி பூரா உழைச்ச கை."

"ஐஸை பாத்துகினு இருந்தது கண்ணு. கையி எங்கயா ஒழைச்சிது?"

எனக்குக் கோபம் வந்தால் செந்தமிழ் வரும். "லோகநாயகி! ஓர் ஆண்மகனை நீ இழிவுபடுத்துகிறாய்!"

"புஸ்தகம் பேசாத. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நா இல்லாம நீ இருந்துகாட்டு பாக்கலாம்."

"இருப்பேன். சட்டப்படியே இருப்பேன்!" என்று செல்போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

அது ஒரு சைக்கிள் போட்டி. கிராவல் ரேஸ் என்று பெயர். செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் கிளம்பவேண்டும். ஏரிக்கரை, செம்மண் ரோடு, ஜல்லி ரோடு, ரோடு என்று யாரும் ஒத்துக்கொள்ளாத ரோடு எல்லாவற்றிலும் மிதித்து, செய்யூரைச் சுற்றிக்கொண்டு, கடலோரமாக மாமல்லபுரம் வந்து சேரவேண்டும். மறுநாள் பொழுது சாய்வதற்குள் வந்துவிடவேண்டும். மூட்டை முடிச்செல்லாம் சைக்கிளிலேயே. பஞ்சரா, நீயே ஒட்டு. பசியா, நீயே தேடு. வழியில் கடை இருந்தால் வாங்கித் தின்னலாம். கடை எல்லோருக்கும் பொது. ஆனால் சொந்தம், சினேகிதம், பெண்டாட்டி என்று உனக்கென்று ஒருவர் வந்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால், அத்தோடு ஆட்டம் குளோஸ்.

லோகம் பொறுமையாகக் கேட்டாள்.

"கிராவல்னா, லாரியில வந்து மனைக்கு கொட்டுவானே, அந்த மண்ணா?"

"அதேதான்."

"அத்த கொட்டுனா வூடு கட்டலாம். நீ அதும்மேல சைக்கிள் வுடப் போறியா?"

"விடுவேன். முடிப்பேன். முடிச்சிட்டா என்ன சொல்ற?"

"முடிச்சிட்டா, இந்த ஜென்மத்துல உன்ன கையாலாவாதவன்னு சொல்ல மாட்டேன்."

"முடிக்கலன்னா?"

"முடிக்கலன்னா நா மெஸ்ஸுக்குப் போவேன்."

"நா சாட்சி அண்ணாத்த!" என்றது மதில் சுவர். அதற்கு மேலே ரெஜினாவின் தலை இருந்தது.

நான் கணக்குப் போட்டேன். முடித்துவிட்டால் லோகத்தின் வாயும் மூடும், ரெஜினாவின் மெஸ் ஆசையும் மூடும். எனக்குச் சூடான சோறு, சுடச்சுட மரியாதை. செஸ் படித்தவன் அல்லவா? நாலு காய் தள்ளி யோசித்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவளும் யோசிப்பாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஐடி கம்பெனிப் பையன் ஒருவனிடம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். ஹேண்டில்பார் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்திருந்தது. சுபாவமும் கடாதான். ராத்திரி ராத்திரியாக ஐஸ் பேக்டரியில் உட்கார்ந்து, வீடியோ பார்த்து, டியூபைக் கழற்றி ஒட்டி, மறுபடி கிழித்து, மறுபடி ஒட்டிப் பழகினேன். ஒட்டியதற்கு மேலே ஒட்டியதில் டியூபைவிட ஒட்டு அதிகமாகிவிட்டது.

போட்டி ஆடி மாதத்தில் வந்தது.

"ஆடியில எவனாவது ஒரு காரியம் ஆரம்பிப்பானா?" என்றாள் லோகம்.

"நான் ஆரம்பிப்பேன்" என்றேன். அந்த மாதத்தில் யாருமே எதையும் ஆரம்பிக்காததால் எனக்குப் போட்டியாக ஆளில்லை என்று தோன்றியது.

ஏரிக்கரையில் போய்ப் பார்த்தால் ஆள் இருந்தது. எல்லாம் ஐடி பிள்ளைகள். ஒவ்வொருவர் தொடையும் எங்கள் ஐஸ் பாளம் மாதிரி. போட்டி நடத்துகிறவர் ஷ்யாம் என்ற இளைஞர். எல்லோரையும் 'ப்ரோ' என்றார். என்னைப் பார்த்ததும் "அங்கிள்" என்றார். மனசுக்குள் அவரைத் தகுதி நீக்கம் செய்தேன்.

கிளம்பும் முன் பையை ஒரு தரம் சோதித்தேன். நல்லவேளை. உள்ளே துண்டுக்கு அடியில் புளியோதரைப் பொட்டலம். பம்ப்போடு சேர்த்துத் தலைவலித் தைலம். லோகத்தின் கைவரிசை!

"ஷ்யாம் தம்பி! இது வெளியாள் உதவி! பதிவு செஞ்சிக்குங்க!"

"அங்கிள், ஸ்டார்ட்டுக்கு முன்னாடி யார் பேக் பண்ணிக் குடுத்தாலும் ஓகே. ரூல்ஸ்ல பிரச்சனை இல்லை."

"அப்படியெல்லாம் ரூல்ஸைத் தளர்த்தாதீங்க தம்பி" என்று பொட்டலத்தை அவர் கையிலேயே திணித்தேன். அவர் அங்கேயே நின்று பிரித்தார்.

"செம அங்கிள்! ஆன்ட்டி செஞ்சதா?"

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டேன். வேர்க்கடலை வாசனை அதுவரைக்கும் வந்தது.

முதுகில் ஒரு சின்னக் கருவி மாட்டினார்கள். நாங்கள் எங்கே போகிறோம், எங்கே நிற்கிறோம் என்று செல்போன் வைத்திருக்கிற யாரும் பார்க்கலாமாம். ஒவ்வொருவரும் ஒரு புள்ளியாகத் தெரிவோமாம். இத்தனை வருஷம் என்னை ஒரு ஆளாகப் பார்க்காத தெரு, அன்றைக்கு ஒரு புள்ளியாகப் பார்த்தது.

போட்டிப் பாதை எங்கள் தெரு வழியாகவே போனது. லோகம் வாசலில் நின்றாள். வெறும் கையோடுதான் நின்றாள். இருந்தாலும் விதி விதிதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்தேன். அதனால் எதிரே இருந்த குப்பைத் தொட்டியைக் கவனிக்கவில்லை. அது தனிக் கதை.

ஊர் தாண்டியதும் போன் அடித்தது. லோகம்தான். பேச்சுக்குத் தடையில்லை என்று ஷ்யாம் சொல்லியிருந்தார். தடை போட்டிருக்கலாம்.

"இன்னாயா, புள்ளி நிக்கிது?"

"புள்ளிக்குச் சீமைக்கருவேல முள்ளு குத்திடுச்சி."

"ஒட்டத் தெரியுமா உனுக்கு?"

"ஒட்டிகினுதான் கீறேன்!"

ஒட்டினேன். காற்று நின்றது! ஏரிக்கரையில் தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன். மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று நிமிர்ந்து பார்த்தது. இதுவரை என் சாதனைகளுக்குக் கிடைத்த அதிகபட்சக் கவனம் அதுதான்.

மறுபடி போன்.

"புள்ளி வேடந்தாங்கலாண்ட நிக்கிது."

"டீக்கடை. கடை எல்லாருக்கும் பொது."

"டீயோட இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"வாயில இன்னா மென்னுகினு பேசற?"

"பஜ்ஜி" என்று ஒப்புக்கொண்டேன். வேடந்தாங்கல் வெறிச்சென்று கிடந்தது. அது பறவைகள் வருகிற சீசன் இல்லை. அறிவுள்ள ஜீவன் எதுவும் அந்த வெயிலில் அங்கே வராது. நான் வந்திருந்தேன்.

பொழுது சாய்ந்தபோது என் புள்ளிதான் கடைசிப் புள்ளி. ஆனால் இருட்டியதும் ஐடி பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் சுருண்டு படுத்தார்கள். அங்கேதான் என் ஆட்டம் ஆரம்பித்தது. ராத்திரி எனக்குச் சொந்த ஊர். அங்கே எனக்கு எல்லா மேடு பள்ளமும் தெரியும். குறட்டைகளைத் தாண்டித் தாண்டி மிதித்தேன். சவுக்குத் தோப்புக்கு நடுவே போகும்போது கிழக்கே வெளுத்தது. எத்தனையோ விடியல் பார்த்திருக்கிறேன். எல்லாமே ஷிப்ட் முடிந்தது என்று அடிக்கிற மணிதான். அன்றைக்கு மட்டும், வேறு யாருக்கோ வருகிற விருந்தாளி வழிதவறி என் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் சைக்கிளை நிறுத்தி நின்றேன். போன் அடித்தது. புள்ளி ஏன் நிற்கிறது என்று. சொல்லத் தெரியவில்லை. "சங்கிலி" என்றேன்.

வெயில் ஏறியதும் என் வண்டவாளம் தெரிந்தது. பகலில் தூங்கியே பழகிய உடம்பு. ஷிப்ட் முடிந்தது, படுக்கையைப் போடு என்றது. ஒரு கண்ணால் தூங்கி மறு கண்ணால் ஓட்டினேன். ராத்திரி நான் தாண்டி வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக "ஹாய் அங்கிள்" என்று தாண்டிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை. செய்யூருக்கு அப்பால் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தது. காலில் பிடிப்பு. வயிற்றில் நேற்றைய பஜ்ஜியின் ஞாபகம் மட்டும். இனி ஒரு மிதி முடியாது, சைக்கிளைப் போட்டுவிட்டுப் படுத்துவிடலாம், மெஸ்ஸுக்கே போகட்டும் என்று நினைத்தபோது, ஒலிபெருக்கி கேட்டது.

"அலோ... அலோ... மைக் டெஸ்ட்... நம்மூரு மாப்புள்ள கோதண்டராமன் அவர்கள் சைக்கிள்ல வந்துகினு கீறாரு. பொதுமக்கள் ஆடு மாட ஓரம் கட்டவும்!"

அது கண்ணாயிரத்தின் குரல். லோகத்தின் தம்பி. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். வேப்பிலைத் தோரணம். செல்லியம்மன் கோயில். ஷ்யாம் மேப்பில் கோடு போட்டபோது, அந்தக் கோடு என் மாமியார் ஊர் வழியாகப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். இத்தனை வருஷமும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து போனவனுக்கு எப்படித் தெரியும்?

கோயில் வாசலில் பெரிய அண்டா. அண்டா நிறையக் கூழ். அண்டாவுக்குப் பின்னால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கரண்டியோடு லோகம். எதிரே வரிசையாக உட்கார்ந்து, என்னைத் தாண்டி வந்த அத்தனை ஐடி பிள்ளைகளும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, இன்னொரு சொம்பு! கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு!" என்றாள் வைஷாலி என்ற பெண். காலையில்தான் எனக்கு 'ஹாய்' சொன்னவள்.

"எறங்குயா" என்றாள் லோகம்.

"நீ இங்க எப்படி?"

"இது எங்காத்தா கோயிலு. ஆடி ஞாயிறு. இந்த வாரம் எங்க வூட்டு மொறை. நா ஊத்தாம வேற யாரு ஊத்துவா? குடி."

"குடிக்க மாட்டேன். இது சதி. வெளியாள் உதவி வாங்கினா நான் அவுட்."

"நா வெளியாளா?"

கூழ்க் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஆமாம் என்றால் குடும்பம் அவுட். இல்லை என்றால் போட்டி அவுட்.

"யாரா இருந்தாலும் கூடாது!" என்றேன்.

"ஆத்தாளா இருந்தாலுமா?"

சொம்புகள் எல்லாம் பாதியில் நின்றன. கண்ணாயிரம் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான்.

"பொதுமக்கள் கவனத்துக்கு! மாமா, ஆத்தா கூழு வோணாங்குறாரு!"

"டேய், அத்த ஆப் பண்ணுடா!"

"ஆப் பண்ணச் சொல்றாரு!" என்றது ஒலிபெருக்கி.

நான் ஷ்யாமுக்குப் போன் போட்டேன். நேர்மையானவன் நேராகப் போய்க் கேட்பான்.

"அங்கிள், எல்லாருக்கும் ஊத்துறாங்களா?"

"ஊத்தறாங்க."

"அப்ப அது பொது. தாராளமா குடிங்க. நானே அங்கதான் வந்துட்டிருக்கேன். கருவாடு தீந்துடாம பாத்துக்கச் சொல்லுங்க."

சட்டமே தலையாட்டிவிட்டது. ஆனால் நான் சட்டத்தைவிடக் கறாரானவன். "சரி. ஆனா நீ ஊத்தக் கூடாது. கண்ணாயிரம் ஊத்தட்டும்."

லோகம் மறுபேச்சு இல்லாமல் கரண்டியைத் தம்பியிடம் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து மறுபேச்சு இல்லாமல் அவள் செய்த முதல் காரியம் அது. சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம். ஆனால் கேழ்வரகுக் கூழ், புளிச்ச மோர், நறுக்கின சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை. பசித்தவனுக்கு ஏது சந்தேகம்? முதல் சொம்பை ஆத்தாளுக்குப் பயந்து குடித்தேன். இரண்டாவதை ஆசைப்பட்டுக் குடித்தேன். மூன்றாவதைக் குடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"குந்திடாத. கெளம்பு" என்றாள் லோகம். "குந்துனா தூங்கிடுவ. தெக்கத்திக் காத்து அடிக்கிது. முதுவுல கைய வெச்சித் தள்ளும். வெயிலு தாழறதுக்குள்ள பாலாத்த தாண்டிடு."

பாவம், தோற்கப்போகிறவள் வழி சொல்லி அனுப்புகிறாள் என்று நினைத்தேன். அவள்மேல் இரக்கம்கூட வந்தது. மெஸ் ஆசையில் மண்ணைப் போடுகிறோமே, அதுவும் கிராவல் மண்ணை, என்று வருத்தப்பட்டுக்கொண்டே மிதித்தேன்.

சொன்னது போலவே காற்று தள்ளியது. கடல் ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம். பாலாற்றில் மணல் மட்டும் ஓடியது. மணலில் சைக்கிளைத் தூக்கினேன், தள்ளினேன், ஒரு இடத்தில் அது என்னைத் தள்ளியது. கல்பாக்கம் வந்தபோது ரெஜினாவின் மெஸ் போர்டைப் பார்த்து வெற்றிப் புன்னகை ஒன்று புரிந்தேன். பொழுது சாய்வதற்குச் சற்று முன்னால் மாமல்லபுரம் கடற்கரையில் போய் விழுந்தேன்.

முடித்தேன்! கடைசி இடம் இல்லை. கடைசிக்கு முந்தின இடம். எனக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். அவர் வழிதவறிப் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டு வந்தவர். ஷ்யாம் என் கழுத்தில் மெடல் போட்டார். "செம, ப்ரோ!" என்றார். ப்ரோ! அந்த ஒரு சொல்லுக்காக இன்னொரு தரம் செய்யூர் போய்வரலாம் போலிருந்தது.

லோகமும் ரெஜினாவும் பஸ்ஸில் முன்னாடியே வந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.

மெடலைத் தூக்கிக் காட்டினேன். "பார்த்தாயா லோகநாயகி! யாருடைய தயவும் இன்றி, தன்னந்தனியாக!"

"பாத்தேன்யா. சொன்ன மாதிரியே முடிச்சிட்ட. இனிமே உன்ன கையாலாவாதவன்னு சொன்னா என் நாக்கு அழுவிப் போவும்."

"அப்ப மெஸ்?"

"நாளைக்கி காலையில போறேன்."

காதில் மணல் புகுந்திருக்கும் என்று ஒரு தரம் தட்டிக்கொண்டேன். "முடிக்கலன்னாத்தானே போவேன்னு சொன்ன?"

"ஆமா. முடிச்சா போவ மாட்டேன்னு எப்பயா சொன்னேன்? ரெஜினா, நா சொன்னனா?"

"சொல்லலயே அக்கா. நாதான சாட்சி."

நான் யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. நாலு காய் தள்ளி யோசித்தவன் நேர் எதிரே நின்ற காயைப் பார்க்கவில்லை.

"அப்புறம் ஏன் கூழ் குடுத்து, வழி சொல்லி, என்னை முடிக்க வைச்ச? தோத்திருந்தாலும் நீ போயிருக்கலாமே!"

"எங்க போறது? நீ பாதியில வுழுந்திருந்தா, ஒரு மாசம் கட்டில்ல பட்த்துகினு, கால புடி, தைலம் தடவு, மனசு சரியில்லன்னு பேஜாரு பண்ணியிருப்ப. அந்த ஆள வுட்டுட்டு எப்பிடி போவ முடியும்? இப்ப இன்னா? பஞ்சர் ஒட்டற. பசிச்சா தேடிக்கிற. ராவும் பகலும் தனியா சமாளிக்கிற. ஊரே புள்ளிய பாத்துச்சி. உன்ன நம்பி வூட்ட வுட்டுட்டு போவலாம்யா."

நான் வாதாடினேன். கடற்கரையில் வாதாடினேன், பஸ்ஸில் வாதாடினேன், ஷேர் ஆட்டோவில் செந்தமிழில் வாதாடினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் என் மெடலைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். கழற்றிப் பைக்குள் போடலாம் என்றால் மனசு வரவில்லை.

திங்கட்கிழமை மதியம் எழுந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நான் அஞ்சவில்லை. அரிசியைப் பார்த்தேன். அரிசியும் என்னைப் பார்த்தது. பிறகு எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மெஸ் என்பது ஒரு கடை. கடை எல்லோருக்கும் பொது. கடையில் சாப்பிடுவது யாருடைய உதவியும் ஆகாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் தோற்றவன் இல்லை. நிமிர்ந்து சைக்கிளில் ஏறி, மெடலைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு, கல்பாக்கம் வரை மிதித்தேன்.

மெஸ்ஸில் நல்ல கூட்டம். பெரிய பாத்திரத்துக்குப் பின்னால் லோகம் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நேராகப் போய் எதிரே நின்று, "லோகம்" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை.

"டோக்கன் எடுத்துகினு லைன்ல வாய்யா, பின்னாடி ஆளு நிக்கிது."